ஆறாம் நம்பர் முள்

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போனால் கடைசிக் கதவு மாவுக்கட்டு அறை. இருபத்தாறு வருஷமாக அங்கே வந்த ஒடிந்த கைகளும் கால்களும் ஒருத்தியின் பொறுப்பு. டாக்டர் எலும்பை நேராக்கிப் பிடித்துக்கொள்வார். பஞ்சைச் சுற்றி, மாவுத்துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சுருக்கம் விழாமல் கட்டி, இறுகுவதற்குள் உள்ளங்கையால் நீவி உருவம் கொடுப்பதெல்லாம் அவள் வேலை. நோயாளிகளிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் கட்டக்கா.

கட்டக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஒரே மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் கணவரும்தான். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி, கேமராப் பைத்தியம். கூடத்தில் ஆளுயரத்துக்குக் கண்ணாடி அலமாரி ஒன்று, முழுக்க அவருடைய சாமான்கள். கிட்டத்தில் பார்க்க ஒரு லென்ஸ், எட்டத்தில் பார்க்க ஒரு லென்ஸ், முக்காலி மூன்று, தூசி தட்ட ஒட்டக முடித் தூரிகை, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருடைய கேமரா நண்பர்கள் நாலைந்து பேர் வருவார்கள், படங்களைப் பார்த்துப் பேசுவார்கள், அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். "அவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேணுமில்ல" என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். தனக்கு என்ன பொழுதுபோக்கு என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்படி இருந்தவளிடம் ஒரு நாள் தூண்டில் கடைக்காரி ஒருத்தி வந்து சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பேரம் பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு வாரத்துல எடுத்துடலாமா அக்கா?"

"ஆறு வாரம்."

"நாலு?"

"இது என்ன காய்கறிக் கடையா? ஆறுன்னா ஆறு. தண்ணி படக்கூடாது. வெயிட் தூக்கக்கூடாது. பத்து நாள் கழிச்சு வந்து காட்டணும்."

பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, ஆளைக் காணோம். கடை, கட்டக்கா வீட்டுக்குப் போகும் பஸ் வழியில்தான் இருந்தது. நனைந்து ஊறிப்போன கட்டுக்குள் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடுமே என்ற கவலையில் ஒரு சாயங்காலம் வழியில் இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடைக்காரி தரையில் உட்கார்ந்து அழாத குறையாக இருந்தாள். ஒற்றைக் கையால் இழுத்ததில் ஒரு முழு இழுப்பறையே கீழே கவிழ்ந்து, முந்நூறு நானூறு சின்னச் சின்ன சாமான்கள் கலந்து கிடந்தன. கட்டக்கா கைப்பையை ஓரமாக வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"எதை எதோட வைக்கணும், சொல்லு."

அன்றைக்கு ஒரு மணி நேரம் பொறுக்கினாள். மீன் பிடிப்பது என்றால் ஒரு குச்சி, ஒரு நூல், ஒரு முள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இங்கேயோ சுவர் நிறைய இழுப்பறைகள். முள்ளிலேயே இருபது அளவு. நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். தக்கை என்றால் பென்சில் போல ஒல்லியாக ஒன்று, பம்பரம் போலக் குண்டாக ஒன்று, காற்றடிக்கும் நாளுக்கு என்று தனியாக ஒன்று. மிளகு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை ஈயக்குண்டுகள். தூண்டில் நூலுக்கு அங்கே நரம்பு என்று பெயர்; கண்ணாடி நரம்பு, பின்னல் நரம்பு என்று அதிலும் வகை. ஒரு பித்தளைத் துணுக்கை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்டாள்.

"சுழலி அக்கா. மீன் எப்படிப் புரண்டாலும் நரம்பு முறுக்கிக்காது. அதுபாட்டுக்கு அது சுத்தும், இதுபாட்டுக்கு இது நிக்கும்."

கட்டக்கா அதைச் சுண்டிவிட்டுப் பார்த்தாள். அரிசி அளவுகூட இல்லை. அதற்குள் ஒரு சங்கதி சத்தமில்லாமல் சுழன்றது. அவள் முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு இடம். எதுவும் யாருடைய வலிக்காகவும் செய்யப்பட்டதில்லை.

மறுநாளும் இறங்கினாள். அதற்கு மறுநாளும். வார முடிவில் ஒரு பச்சை நிறப் பெட்டி வாங்கினாள். திறந்தால் படி படியாக விரியும், முப்பத்திரண்டு அறைகள்.

"தூண்டில் வாங்காமலேயே பெட்டி வாங்குற முதல் ஆளு நீங்கதான்" என்றாள் கடைக்காரி.

"இடம் இருந்தாத்தானே சாமான் சேரும்?"

சாமான் சேர்ந்தது. சிவப்பு மூக்குத் தக்கை நாலு, ஆறாம் நம்பர் முள் பத்து, எட்டாம் நம்பர் முள் பத்து, சுழலி ஒரு டப்பா, முள் எடுக்கும் மூக்குக் குறடு, கழுத்தில் தொங்கவிடும் குட்டிக் கத்தரி. பிறகுதான் நீட்டி மடக்கும் தூண்டில் கம்பும் ரீலும். முடிச்சுப் போடுவதைக் கடைக்காரி வாயால் சொல்லச் சொல்ல, இவள் கையால் போட்டாள். இருபத்தாறு வருஷம் கட்டுத் துணியோடு பழகிய கை; இரண்டாம் தடவையே முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

வீட்டில் பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முதல் சிக்கல். துணி அலமாரியில் வைத்தாள். கணவர் கைக்குட்டை தேடும்போது பார்த்துவிட்டார்.

"என்ன இது?"

"தூண்டில் சாமான்."

"யாரோடது?"

"என்னோடது."

அவர் சிரித்தார். கொஞ்சம் கழித்துத்தான் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? உனக்கு என்ன குறை வச்சேன்?"

"குறை இருந்தாத்தான் ஆசைப்படணுமா? கேமரா வாங்கினப்ப உங்களுக்கு என்ன குறை இருந்துச்சு?"

"அது கலைம்மா."

"இது மீன்."

அவள் மடித்த துணிகளைத் திரும்ப அடுக்கி, பெட்டியை அதே இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சோறும் குழம்பும் செய்து மூடி வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஏரிக்குப் போனாள். கரையோரச் சுவரில் ஏழெட்டு ஆண்கள், ஆளுக்கு ஒரு தூண்டிலோடு. அகலத் தொப்பி போட்ட ஒருவர்தான் அங்கே பெரிய ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவள் பெட்டியோடு நிற்பதைக் கண்டு திரும்பினார்.

"யாரையாவது தேடுறீங்களாம்மா?"

"மீனைத்தான்."

ஒரு இளைஞன் களுக்கென்று சிரித்தான். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. "இங்க லேடீஸ் யாரும் உக்காருறதில்லை."

"பரவால்ல, நான் நின்னுக்கறேன்."

நின்றாள். மூன்று மணி நேரம் நின்றாள். ஒன்றும் சிக்கவில்லை. இரண்டு முறை நரம்பு பாசியில் மாட்டி அறுந்தது. "பாவம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்தான் அவளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டிவந்தது. அன்றைக்கு மூன்றாவது மணி நேரத்தில் தக்கை இரண்டு தரம் துள்ளி ஒரேயடியாக முழுகியது. நரம்பு வழியாக ஒரு உயிர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. உள்ளங்கை நீளக் கெண்டை. கையில் பிடித்துப் பார்த்தாள். வாயிலிருந்து முள்ளைக் குறடால் எடுத்து, குனிந்து தண்ணீரில் விட்டாள்.

"பிடிச்சதை விடுறீங்களே?" என்றார் தொப்பிக்காரர்.

"நாள் முழுக்க ஆஸ்பத்திரியில எல்லாரையும் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பித்தானே வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த புழுவைக் கோத்தாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. தூண்டிலைப் பின்னால் வீசி முன்னால் எறியும்போது காற்று திருப்பிவிட, முள் அவளுடைய இடது ஆள்காட்டி விரலிலேயே ஏறியது. லேசாக இல்லை, வெளியே வரவிடாத எதிர்முள் முழுக்கச் சதைக்குள். ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தொப்பிக்காரர், "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. இதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போவேன். வேலைக்கு."

அவசரப் பிரிவில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். குட்டிக் கத்தரியால் நரம்பை வெட்டினாள். வேறொரு துண்டு நரம்பை முள்ளின் வளைவில் வளையமாக மாட்டினாள். முள்ளின் தண்டைச் சுவர்மேல் வைத்த விரலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கத் தனக்கு இன்னொரு கை வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீங்க இதை அழுத்திப் பிடிங்க" என்றாள் தொப்பிக்காரரிடம். "கண்ணை மூடிக்கிட்டாலும் சரி, விட்டுடாதீங்க."

அவர் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். அவள் பல்லைக் கடித்து, நரம்பு வளையத்தை ஒரே சுண்டாகச் சுண்டி இழுத்தாள். முள் தெறித்து வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. யாருக்கும் காட்டாமல் ஏரியைப் பார்த்தாள். விரலைக் கழுவி, பையிலிருந்த துணியால் சுற்றிக் கட்டினாள். வேறு முள் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை காற்றைப் பார்த்து எறிந்தாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. விரல் வீங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். காயம் ஆறும்வரை மாவில் கை வைக்கக்கூடாது என்று மேற்பார்வையாளர் அவளைப் பத்து நாள் பதிவேட்டு மேஜைக்கு அனுப்பினார். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையை விட்டு அவள் வெளியே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கணவர் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார்.

"சோறு போடுற கை. அதுல முள்ளைக் குத்திக்கிட்டு வந்து நிக்கிற. ஞாயித்துக்கிழமை வர்றவங்க ஆறின சோத்தைத் திங்கிறாங்க. போதும்மா, விட்டுடு."

"உங்க கேமரா முக்காலி கால்ல விழுந்து நகம் பேந்துச்சே, விட்டீங்களா?"

அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து துணி அலமாரியைத் திறந்தால், பெட்டி இருந்த இடத்தில் போர்வை இருந்தது. கம்பும் இல்லை.

"எங்க?"

"தம்பி கேட்டான், குடுத்துட்டேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "அவன் வீட்ல இடம் இருக்கு. உன் நல்லதுக்குத்தான்."

கட்டக்கா கண்ணாடி அலமாரி முன்னால் போய் நின்றாள். கதவைத் திறந்தாள். இருப்பதிலேயே பெரிய லென்ஸைக் கையில் எடுத்தாள். நல்ல கனம். ஜன்னல் திறந்திருந்தது, இரண்டாவது மாடி. கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் இருந்த பயத்தை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். லென்ஸை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் வெளியே நடந்தாள்.

கொழுந்தன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு நாலு நிறுத்தம் தள்ளி. கதவைத் திறந்தது அவருடைய மனைவி. கட்டக்காவைக் கண்டதும் அவள் முகத்தில் வந்தது ஆச்சரியம் இல்லை, நிம்மதி.

"வாங்கக்கா. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்ரூம் பக்கெட்ல புழு வச்சிருக்கார்."

"யாரு?"

"வேற யாரு? உங்க கொழுந்தன்தான். வியாழக்கிழமை பெட்டி வந்துச்சு. வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு வயித்துவலின்னு லீவு. சாயங்காலம் முழங்கால் வரைக்கும் சேத்தோட வந்து நிக்கிறார்."

உள்ளே கூடத்தில் கணக்கு வாத்தியார் பச்சைப் பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு குழந்தை பொம்மைக் கடையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணியைப் பார்த்ததும் பெட்டியை மூடப் போனார்.

"மூட வேணாம் தம்பி. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடறேன்."

அவள் தரையில் உட்கார்ந்து அறை அறையாகப் பார்த்தாள். தக்கை நாலும் இருந்தன. குறடு இருந்தது. சுழலி டப்பா இருந்தது. எட்டாம் நம்பர் முள் பத்து. ஆறாம் நம்பரில் கை நின்றது.

"ஆறாம் நம்பர் முள் பத்து இருந்துச்சு. எட்டுதான் இருக்கு."

"விரல்ல குத்தினது ஒண்ணு போயிருக்குமே அண்ணி?"

"அது எட்டாம் நம்பர். பாசியில போனதுக்கும் சேத்து அன்னைக்கே வேற வாங்கி வச்சிட்டேன். நீங்க கணக்கு வாத்தியார்தானே, பத்துல எட்டு போக மிச்சம் எங்கன்னு சொல்லுங்க."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு வேர்ல மாட்டிக்கிச்சு. இன்னொண்ணை மீனே கொண்டுபோயிடுச்சு. பெரிய மீன் அண்ணி. இவ்வளவு." இரண்டு கையையும் விரித்தார்.

"முடிச்சு அவிழ்ந்திருக்கும். போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்."

அவர் போட்டார். அவள் ஒரு விரலால் இழுத்தாள், கழன்று வந்தது. ஓரகத்தி கதவில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்க அண்ணன்கிட்ட நீங்களா கேட்டீங்களா?"

"இல்ல அண்ணி. வச்சுக்கோ, அவ மறந்துடுவான்னு சொன்னார். நானும் தப்புதான். திறந்து பாத்ததும்..." அவர் இழுத்தார். "இந்தச் சுழலி இருக்கே..."

கட்டக்காவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர் எதைச் சொல்ல வருகிறார் என்பது அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. "கடை விலாசம் தர்றேன். போய்ச் சொந்தமா வாங்குங்க. என்னோடதைத் தொடாதீங்க" என்று சொல்லி, பெட்டியைப் பூட்டி, கம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "அப்புறம் அந்தப் புழுவை வெளியில கொண்டுபோய் வைங்க. பக்கெட்டைத் தேய்க்கிறதும் உங்க வேலைதான்."

வீட்டுக்கு வந்தவள் துணி அலமாரிக்குப் போகவில்லை. கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். நடுத் தட்டு முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துக் குலுக்கினாள். காலி. அடுத்ததும் காலி. பதினொன்றும் காலி. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

கணவர் பின்னாலேயே நின்றார். "அது கேமரா வந்த பெட்டிம்மா. பெட்டி இருந்தாத்தான் ரிப்பேருக்கு அனுப்ப முடியும்."

"எத்தனை தடவை அனுப்பியிருக்கீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அனுப்பினதில்ல."

"காத்துக்கு ஒரு தட்டு குடுத்திருக்கீங்க இருபது வருஷமா. எனக்குக் குடுக்க மனசு வரலியா?"

"லென்ஸ் பக்கத்துல புழு நாத்தம்..."

"புழு இதுல இல்ல. இருந்தா உங்க தம்பி வீட்டு பக்கெட்ல இருக்கு, போய்ப் பாருங்க. நீங்க குடுத்தது நான் மறக்குறதுக்காக. அவர் மறக்க முடியாம லீவு போட்டுட்டு உக்காந்திருக்கார்." பச்சைப் பெட்டியை நடுத் தட்டில் வைத்தாள். ரீலைப் பக்கத்தில் வைத்தாள். ஈயக்குண்டுகளையும் தக்கைகளையும் பார்வைக்குத் தெரிகிற மாதிரி முன்வரிசையில் அடுக்கினாள். "இனிமே என் பொருளை என்னைக் கேக்காம யாருக்கும் குடுக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை நான் சமைக்க மாட்டேன். வர்றவங்களுக்கு நீங்க செஞ்சு போடுங்க, இல்லன்னா வெளியில கூட்டிட்டுப் போங்க. கோபம்னா கோபப்படுங்க. பேசாம இருக்கணும்னா இருங்க. பெட்டி மட்டும் இங்கதான் இருக்கும்."

அவர் கோபப்பட்டார். பதினோரு நாள் பேசவில்லை. அவள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைப் பெட்டியின் காலி அறைகளை நிரப்புவதில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் அவர் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னாள். மன்னிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் நடுத் தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

எலும்பு சேரத் தாமதமானதால் டாக்டர் இன்னும் நாலு வாரம் நீட்டியிருந்த கடைக்காரியின் கட்டை, பத்தாம் வாரம் முடிந்த மறுநாள் கட்டக்காவே ரம்பம் வைத்து அறுத்து எடுத்தாள். எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரி கேட்டாள், "அக்கா, ஆறு கடல்ல சேருற இடத்துல இப்ப நல்ல சீசன். மூணு நாள் போயிட்டு வரலாமா? பெரிய ரீல் வேணும், மீனை அள்ள பெரிய வலைக்கரண்டி வேணும். எல்லாம் புதுசா."

"எல்லாம் எடுத்து வை" என்றாள் கட்டக்கா.

அன்று மதியமே விடுப்பு எழுதிக் கொண்டுபோய் மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தாள். அவள் விடுப்புக் கேட்டால் மகனுக்குக் காய்ச்சல், மகனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு அறுவை சிகிச்சை, கணவர் வீட்டில் கல்யாணம் என்றுதான் அவர் பார்த்திருக்கிறார். இப்போது படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"காரணம்னு போட்டு, மீன் பிடிக்கன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இப்படியெல்லாம் எழுதக்கூடாதும்மா. சொந்த வேலைன்னு போடுங்க. இல்லன்னா உடம்பு சரியில்லன்னு போடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"என் உடம்பு நல்லா இருக்கு சார்."

"மேல யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவர் தன் பேனாவை அவள் பக்கம் நீட்டினார், திருத்துவதற்கு. அவள் அதை வாங்கினாள். 'மீன் பிடிக்க' என்பதற்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.